ஆளுக்கொரு கதவு

மாவுன்,
11 மே 1997

அன்பு ஒனலென்னா,

இனி உன்னைப் பெயர் சொல்லி எழுதக் கூடாதாம். செதுன்யாவின் அம்மா என்றுதான் எழுத வேண்டும் என்று அத்தை கண்டித்துவிட்டாள். இந்த ஒரு தடவை மன்னித்துக்கொள். நீயும் குழந்தையும் நலந்தானே? உன் அம்மா வாசலில் குறுக்கே போட்டிருக்கும் கட்டையை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. பெற்றவனே மூன்று மாதம் தாண்டக் கூடாதென்றால் என்ன செய்ய? வியாழக்கிழமை கூமாரே போகும் விமானத்தில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஒரு பெரிய செய்தி. கம்பெனிக்குப் புது விமானம், காரவான் வந்துவிட்டது! மேலதிகாரி ட்ரெட்கோல்டு இரண்டு தடவை என்னையும் கூட்டிப்போனார். சும்மா வலது இருக்கையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன், அவ்வளவுதான். ஆனால் என்ன இடம் தெரியுமா! நம் 206 விமானம் ஒரு மீன் டப்பா. முழங்கால் கருவிப் பலகையில் இடிக்கும், தலை கூரையில் முட்டும், பக்கத்தில் தடியான ஜெர்மன்காரர் உட்கார்ந்தால் நான் மூச்சை இழுத்துப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும். ஐலண்டரும் பெயருக்குத்தான் பெரிசு. முன்னால் இருவர் உட்கார்ந்தால் தோளோடு தோள் தேய்ந்து சட்டை கிழியும். காரவான் அப்படியில்லை. ஏணியில் ஏறி உட்கார்ந்தால் அரசாங்க அலுவலகம் மாதிரி இருக்கிறது. கால் நீட்டலாம். வரைபடத்தை முழுசாக விரிக்கலாம். மனுஷன் உட்கார்ந்து ஓட்டுகிற இடம் என்றால் அதுதான்.

குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறாளா? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
மொலெஃபி


கூமாரே,
16 மே

அன்புள்ள மொலெஃபிக்கு,

கடிதம் வந்தது. ஒரு பக்கம் முழுக்க இருக்கை, கால், தோள், கூரை. குழந்தைக்கு அடியில் ஒரு வரி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஏண்டி, உன் புருஷன் விமானம் ஓட்டுறானா, இல்ல வாடகைக்கு வீடு பாக்குறானா?" என்று கேட்டாள். 

நீதான் இட அளவில் பெரிய ஆளாயிற்றே, நான் இருக்கும் இடத்தையும் கேட்டுக்கொள். கட்டில் ஒன்று. தண்ணீர்ப் பானை ஒன்று. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நான் பக்கவாட்டில் போனால் போகலாம். சன்னல் 206-இன் காற்றுச் சன்னலைவிடக் கொஞ்சம் பெரிது. அதையும் காற்றடித்தால் குழந்தைக்கு ஆகாதென்று அம்மா சாத்திவிடுகிறாள். இதில் நானும் உன் மகளும் காலையும் மாலையும் சோளக்கஞ்சி வாசனையும். மூன்று மாதம், நடுவில் இறங்கும் ஓடுபாதை கிடையாது.

செதுன்யாவுக்கு உச்சந்தலை துடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எல்லாக் குழந்தைக்கும் துடிக்கும் என்கிறார்கள். தெரியும், படித்திருக்கிறேன், ஆனாலும் கையை வைத்து வைத்துப் பார்க்கிறேன். சில நாள் உடம்பு சூடாக இருப்பது போல் தோன்றுகிறது. அம்மா புறங்கையால் தொட்டு "ஒண்ணுமில்ல" என்கிறாள். எனக்குப் புறங்கை போதாது. மருந்துக்கடையில் ஒரு காய்ச்சல்மானி வாங்கி அடுத்த வியாழன் அனுப்பு. மறக்காதே.

காரவான் பற்றி எனக்குச் சொல்லித்தர வேண்டாம். ட்ரெட்கோல்டு கொடுத்த கையேட்டை, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே இரண்டு தடவை படித்து முடித்துவிட்டேன். திரும்பி வந்ததும் முதல் பயிற்சி எனக்கென்று அவர் உன் முன்னால்தானே சொன்னார்? இரண்டு வருடம் நான் அந்த வண்டிக்குக் காத்திருந்தது உனக்கு நினைவிருக்கட்டும்.

இன்னொன்றும் நினைவிருக்கிறதா? 206-இல் முன்னால் ஒரே கதவு, அதுவும் விமானி பக்கம். நீ வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பாதை காட்ட உன்னைக் கூட்டிப்போனேன். நான் இறங்கி வழிவிடும்வரை உனக்குப் பொறுக்கவில்லை. என் தொடைமேல் பூட்ஸை வைத்து ஏறித் தாண்டிப் போய் உட்கார்ந்தாய். அன்றைக்கு அதைத் துடிப்பு என்று நினைத்தேன். அந்த வயதில் எல்லாமே அழகாகத் தெரிகிறது.

காய்ச்சல்மானி.

செதுன்யாவின் அம்மா


மாவுன்,
1 ஜூன்

அன்பானவளே,

உன் கோபம்கூட எனக்கு இனிப்புதான். பிள்ளை பெற்றவர்களுக்கு இந்த நாட்களில் மனசு அப்படித்தான் அலையும் என்று அத்தை சொல்கிறாள். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

இங்கே தலைக்கு மேல் வேலை. சுற்றுலாக்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். காரவான் தினமும் மூன்று முகாம் போகிறது. நானும் வழக்கம்போல வலப்பக்கம்தான், துணைக்கு. பெரிய வண்டி என்று புகழ்ந்தேனே, ஒரு குறையும் உண்டு. நாள் முழுக்க உட்கார்ந்தால் கதவின் கைப்பிடி இடது முழங்கையில் இடித்துக்கொண்டே இருக்கிறது, நீலமாகக் கன்றிவிட்டது. மற்றபடி ராஜ இருக்கை.

உன் அலமாரியைக் காலி செய்யச் சொன்னார்கள். புதுப் பையன்களுக்கு இடம் வேண்டுமாம். உன் முதுகுத் தலையணையை இத்துடன் அனுப்புகிறேன். இதைப் பார்த்ததும் எனக்கு உன்மேல் இரக்கமாகப் போயிற்று. 206-லேயே இதை முட்டுக் கொடுத்தால்தான் உன் கால் பெடலுக்கு எட்டும். அவ்வளவு பெரிய காரவானில் நீ எங்கே, பெடல் எங்கே? தொலைந்தே போவாய்! உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். இனி உனக்கு வேறு வேலை இருக்கிறது, அழகான வேலை, உன் மடியிலேயே.

காய்ச்சல்மானி அடுத்த வாரம் கட்டாயம்.

உன்
மொலெஃபி


கூமாரே,
6 ஜூன்

மொலெஃபிக்கு,

தலையணை வந்தது. காய்ச்சல்மானி வரவில்லை.

உன் முழங்கை எப்படி இருக்கிறது? எந்த முழங்கை என்று கேட்கமாட்டேன், நீயே எழுதிவிட்டாய். இடது. வலது இருக்கையில் உட்கார்ந்தவனுக்கு இடது பக்கம் கதவு ஏது, மொலெஃபி? அந்தப் பக்கம் இருப்பது விமானியின் தோள். ட்ரெட்கோல்டின் தோளில் கைப்பிடி முளைத்திருக்கிறதா? வலப்பக்கம் இருப்பவனுக்குக் கன்ற வேண்டியது வலது முழங்கை. பொய் சொல்வதற்கு முன் எந்த நாற்காலியிலிருந்து சொல்கிறோம் என்றாவது குனிந்து பார்த்திருக்கலாம். ஊரில் யாரை வேண்டுமானாலும் இப்படி ஏமாற்றலாம். அந்த இரண்டு இருக்கையையும் மனப்பாடமாக வைத்திருப்பவளிடமா?

இடது இருக்கை என்னுடையது. நான் இந்த அறைக்குள் நுழைந்த வாரமே நீ அதில் ஏறி உட்கார்ந்துவிட்டாய். இந்தத் தடவையும் நான் இறங்கி வழிவிடும்வரை உனக்குப் பொறுக்கவில்லை.

தலையணைக் கதைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 206-இல் பெடல் இருந்த இடத்தில்தான் இருக்கும், அதனால்தான் முதுகுக்கு முட்டு. காரவானில் பெடலையே நம் பக்கம் கொண்டுவரலாம்; இருக்கையை உயர்த்தலாம், தாழ்த்தலாம். குள்ளச்சிக்குப் பொருந்தாத வண்டி 206-தான், அதைத்தான் நான் இத்தனை வருடம் மணலிலும் சேற்றிலும் இறக்கினேன். தினமும் காரவானில் உட்காருகிற உனக்கு இது தெரியவில்லை என்றால் நீ ஓட்டக் கூடாது. தெரிந்தே எழுதினாய் என்றால் அதற்கு நான் ஒரு சொல் வைத்திருக்கிறேன். குழந்தை பக்கத்தில் தூங்குகிறாள், எழுத மனமில்லை.

தலையணையை ட்ரெட்கோல்டுக்கு அனுப்பிவிட்டேன், ஒரு சீட்டு வைத்து: "இது காரவானில் எனக்குத் தேவைப்படாது. என் இருக்கையை யாருக்கு, ஏன் கொடுத்தீர்கள் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?"

செதுன்யாவின் எடை கூடவில்லை என்று கிளினிக் தாதி சொல்லிவிட்டுப் போனாள். நீ கேட்கவில்லை. நானாகத்தான் சொல்கிறேன்.

ஒனலென்னா


மாவுன்,
15 ஜூன்

ஒனலென்னா,

நீ செய்தது எனக்கு அவமானம். என் மேலதிகாரிக்குத் தலையணை அனுப்பி வைக்கிறாயே, ஆபீஸில் எல்லோரும் சிரிக்கிறார்கள். "மொலெஃபி, உன் பொண்டாட்டி தூங்கச் சொல்லி அனுப்பிருக்கா" என்று எரிபொருள் போடுகிறவன்கூடக் கிண்டல் செய்கிறான்.

ஆமாம், இடது இருக்கைதான். மறைத்தது உன் மனசு நோகக் கூடாதென்று. நீ எப்போது வருவாய் என்று ட்ரெட்கோல்டு கேட்டார், குடும்பத் தலைவன் என்ற முறையில் நான் பதில் சொன்னேன். அதில் தப்பென்ன? ஒரு வீட்டிலிருந்து ஒருவர் காரவான் ஓட்டினால் போதாதா? அது உனக்கும் பெருமைதானே? குழந்தை எடை கூடவில்லை என்று நீயே எழுதுகிறாய். அதை விட்டுவிட்டு இருக்கைக்குச் சண்டை போடுகிற தாயை நான் கேள்விப்பட்டதில்லை.

காய்ச்சல்மானி வாங்கப் போனேன், கடை மூடியிருந்தது.

கட்டை எடுக்கும் நாளைத் தெரிவி. மாமன்மாரோடு முறையாக வந்து உங்கள் இருவரையும் அழைத்துப்போகிறேன். நேரில் பேசினால் எல்லாம் சரியாகும்.

மொலெஃபி


கூமாரே,
27 ஜூன்

திரு. மொலெஃபி அவர்களுக்கு,

வியாழக்கிழமை இங்கே இறங்கியது 206 அல்ல. சத்தத்திலேயே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ட்ரெட்கோல்டு, தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வேர்த்து வழிய எங்கள் வாசலில் நிற்கிறார். அம்மா விடவில்லை.

"அங்கேயே நில்லுங்க ஐயா. பெத்த அப்பனே தாண்டல, நீங்க எங்க தாண்டுறது?"

"நிக்கறேம்மா. சன்னலையாவது கொஞ்சம் திறங்க."

திறந்தாள். அவர் வெயிலில், நான் இருட்டில். அவர் கேட்டார்: "ரெண்டு வருஷம் வேலைக்கு வரமாட்டேன்னு நீ சொன்னதா உன் புருஷன் சொன்னானே? நான் ரெண்டு தடவை கேட்டேன். 'அவ வாயால சொன்னது'ன்னு சத்தியம் பண்ணினான். காரவானைப் பாத்தாலே பயமாயிருக்குன்னு வேற."

"நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"கையேட்டப் படிச்சியா?"

"கேளுங்க."

அந்தச் சன்னல் வழியாகவே கேட்டார். இறக்கையின் மடிப்புத் தகடுகளை எந்த வேகத்தில் இறக்குவது, இஞ்சின் சூடு எவ்வளவு தாண்டக் கூடாது, பின்பக்கம் பாரம் கூடினால் என்ன ஆகும். குழந்தை நடுவில் அழுதாள். தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பதில் சொன்னேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் "கேட்டீங்களா?" என்று அவரைப் பார்த்து முகவாயை உயர்த்தினாள்.

கட்டை எடுத்த மறுவாரம் எனக்குப் பயிற்சி. அம்மாவும் குழந்தையோடு மாவுன் வருகிறாள். உங்களை 206-க்கே திருப்பி அனுப்பப்போவதாகச் சொன்னார். ஏனென்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: "பொண்டாட்டி பேர்ல இவ்வளவு கூசாம பொய் சொல்றவன் நாளைக்குப் பயணி எடையிலயும் சொல்லுவான். அப்புறம் வண்டி மரத்துக்கு மேல எழும்பாது." நான் உங்களுக்காகப் பேசவில்லை. பேசுவேன் என்று எதிர்பார்த்திருந்தீர்களானால், நான் பேசவில்லை.

போகும்போது, என் முகத்தில் என்ன கண்டாரோ, "குழந்தைக்கு என்ன?" என்றார். சொன்னேன். திரும்ப ஓடுபாதைவரை நடந்துபோய், விமானத்தின் முதலுதவிப் பெட்டியிலிருந்து காய்ச்சல்மானியை எடுத்துவந்து கட்டைமேல் வைத்துவிட்டுப் போனார். காய்ச்சல் இல்லை. இந்த வாரம் எடையும் கூடியிருக்கிறாள்.

உங்கள் மாமன்மார் வர வேண்டாம். அவர்கள் வயதானவர்கள், வந்து வெறுங்கையோடு திரும்புவது அவர்களுக்கு மரியாதையாக இருக்காது. செதுன்யாவைப் பார்க்க நீங்கள் வரலாம், பகலில், முன்கூட்டிச் சொல்லிவிட்டு. அவள் உங்கள் மகள். அதில் எனக்கு வழக்கு இல்லை.

எது விசாலம், எது நெருக்கடி என்று எனக்கு நிறைய எழுதினீர்கள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். 206-இல் ஒரே கதவு. விமானி இறங்கினால்தான் மற்றவர் இறங்க முடியும். பொறுமை இல்லாதவர்கள் மடியில் மிதித்துத்தான் போக வேண்டும். காரவானில் முன்னால் ஆளுக்கொரு கதவு இருக்கிறது. ஒருவர் இறங்குவதற்கு இன்னொருவரைக் கேட்க வேண்டியதில்லை.

நான் இறங்கிவிட்டேன்.

ஒனலென்னா