ஸ்டார்ட்டர் போயிட்டுது

செப்டம்பர், வியாழன் இரவு

மத்தியானம் என் மனைவி கலா வேலையிலிருந்து போன் எடுத்தாள். "ஸ்டார்ட்டர் போயிட்டுதப்பா, இனி கஷ்டம்தான்" என்றாள். இடைவேளை முடிகிறதென்று உடனே வைத்தும் விட்டாள்.

அவள் வேலை முடியும் நேரத்துக்கு, காரை ஸ்டார்ட் பண்ணப் பக்கத்து வீட்டில் பூஸ்டர் வயர் இரவல் வாங்கிக்கொண்டு, இரண்டு பஸ் ஏறி அவள் வேலை செய்யும் முதியோர் இல்ல வாசலில் போய் நின்றேன். கார் ஒரே முறுக்கில் ஸ்டார்ட் ஆனது.

"ஐயோ, காரில்லையப்பா! எங்கட ஊர் பேஸ்போல் டீமில ஆட்டம் தொடங்கேக்க பந்தெறியிற பிட்சர், அவரைத்தான் ஸ்டார்ட்டர் எண்டுறது. முழங்கை நோவாம்."

வழி முழுக்கச் சிரித்தாள். மிச்சம் இருப்பவர்களில் நல்லவனை ஒவ்வொரு நாளும் எறிய விடலாமே என்றேன், கிரிக்கெட் நினைப்பில்.

"கை என்னத்துக்காகும்? ஒருக்கா எறிஞ்சா நாலு நாள் ஓய்வு வேணும். ஸ்டார்ட்டர் ஒன்பதில ஆறு இன்னிங்ஸ் இழுத்தாத்தான் பின்னால வாறவை களைக்காயினம். அப்பிடி மூண்டு பேராவது இல்லாட்டி, ப்ளேஓஃப் எண்ட கடைசிச் சுற்றுக்குப் போயும் நிக்கேலாது."

மோர்னிங்சைட் சந்திச் சிவப்பு விளக்கில் நின்றபோது வலது தோளை அமத்திக்கொண்டாள். பத்து நாளாக ஓய்வில்லாமல் ஆட்களைத் தூக்கிக் கிடத்துகிறாள். விடிய எழும்பி எனக்கும் சாப்பாடு கட்டுகிறாள்.

"உமக்கு எப்ப ஓய்வு?"

"எனக்குப் பதிலா எறிய ஆர் இருக்கினம்?" என்று அதற்கும் சிரித்தாள்.

இப்போது தூங்கிவிட்டாள். அலாரத்தை என் பக்கம் எடுத்து வைத்திருக்கிறேன். பருப்புக்கு உப்பு எப்போது போடுவதென்று கேட்க மறந்துபோனேன். எழுப்ப மனம் வரவில்லை.