உள்ளே சுற்றிய நூல்

மார்ச் 4

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை பக்கத்து வீட்டுச் சளிமூக்கன். சிரிப்பதா, எதையாவது எடுத்து அவன் மண்டையில் போடுவதா என்று தெரியவில்லை. போன வாரம்தான் என் சைக்கிளை இரவல் வாங்கிப் போய்ப் பெடலை உடைத்துக்கொண்டு வந்தான். "ஏற்கனவே ஆடிட்டுதான் இருந்துச்சு" என்றான்.

எனக்குப் பதினாறு, அவனுக்குப் பதினேழு. அம்மா பேக்கரியிலிருந்து வந்தவள் மாவுக் கையைக்கூடக் கழுவாமல் சொன்னாள்: "கல்யாணம் ஆனவங்கள வண்டியில ஏத்த மாட்டாங்களாம்டி. அதுக்குத்தான்."

வண்டி என்றால் எங்கள் தெருவில் ஒன்றுதான். பச்சைத் தார்ப்பாய் போட்டது, சண்டைக்குப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போவது. என் வகுப்பில் பாதி பெஞ்சு காலி.

மார்ச் 6

பதிவாளர் எங்கள் இருவருக்கும் வயதைக் கூட்டி எழுதினார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெளியே எங்களைப் போல இன்னும் சில ஜோடிகள், ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு. அம்மாவின் மோதிரம் எனக்குத் தொளதொள. உள்பக்கம் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டேன். சளிமூக்கன் கையெழுத்துப் போடும்போதும் மூக்கை உறிஞ்சினான்.

மார்ச் 9

அவன் வீட்டில் இருக்கிறேன். எனக்கும் அத்தைக்கும் கட்டில், அவனுக்கு முன்னறையில் தரை. அத்தை என்பது அவன் அம்மா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் கூப்பிடுகிறேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ். சாப்பிடும்போது சொன்னார்: "நேத்து சண்டையில அடிபட்ட ஒரு பொண்ணக் கொண்டுவந்தாங்க. வலது கை போயிடுச்சு. பரிட்சைக்குள்ள இடது கையால எழுதப் பழகிடலாமான்னு கேக்குறா. வயசு பதிமூணு."

தட்டைத் தள்ளிவைத்தேன். திட்டுவதற்கு ஆள் தேடினேன். சளிமூக்கன் அகப்பட்டான்.

மார்ச் 15

பொய்க் கல்யாணத்தைக் கண்டுபிடிக்கச் சோதனை வருகிறதாம். ஜோடியைத் தனித்தனியாக நிறுத்திக் கேள்வி கேட்கிறார்களாம். அத்தை கையில் கரண்டியோடு பாடம் நடத்துகிறார். அவனுக்கு வெங்காயம் ஆகாது. எனக்குப் பிடித்தது நீலம். முதலில் பார்த்துக்கொண்டது தண்ணீர்க் குழாயடியில், மழை நாளில், குடை என்னிடம்தான் இருந்தது.

அத்தனையும் புளுகு. முதலில் பார்த்தபோது அவன் என் மேல் சேறு வாரி அடித்தான்.

"ஒரு வார்த்த மாறக் கூடாது" என்கிறார் அத்தை. எந்தப் பாடத்திலும் தேறாதவனை நம்பி என் உயிர்!

மார்ச் 19

தேறிவிட்டான் கழுதை. தலைகீழாக நிறுத்திக் கேட்டாலும் சொல்கிறான். சந்தோஷத்தில் அவனுக்கு என் கைக்குட்டையைக் கொடுத்தேன். திருப்பித் தரமாட்டான். தந்தாலும் யார் வாங்குவது?

மார்ச் 27

கணக்கு நோட்டு என்று சொன்னதால் இந்த டைரியை விட்டுவைத்தார்கள். பயமில்லை, கோபம்.

வந்தவர்களின் தலைவன் எந்நேரமும் பல்குத்தியை மென்றுகொண்டிருந்தான். சளிமூக்கனைச் சமையலறையில் கேட்டார்கள், என்னை வாசலில். பிறகு எங்களைச் சேர்த்து நிற்கவைத்துப் பல்குத்தி சிரித்தான்.

"ரெண்டு பேரும் ஒரு வார்த்த மாறாம சொல்றீங்க. எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆச்சு. அன்னிக்குக் குடை யார்கிட்ட இருந்துச்சுன்னு எங்க வீட்ல இன்னும் சண்ட ஓயல."

நாங்கள் நன்றாகப் படித்ததுதான் தப்பாகிவிட்டது.

சளிமூக்கன் பின்சுவர் ஏறிக் குதித்து ஓடினான். என் பக்கம் திரும்பவே இல்லை. "ஓடுடா, ஓடு!" என்று அத்தை கத்தினார். அவனுக்கு. பல்குத்தியின் ஆட்கள் என் கையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றினார்கள். அம்மா பேக்கரியில் இருந்தாள்.

ஓடட்டும். கால் ஒடியட்டும். என்னை மட்டும் ஏன் யாரும் ஓடுன்னு சொல்லல? நான் என்ன பாவம் பண்ணேன்?

ஏப்ரல் 10

முகாமில் முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். மோதிரத்தை வாங்கிக்கொண்டு, நூலைப் பிய்த்துக் கீழே போட்டார்கள். பக்கத்தில் படுப்பவள் தூக்கத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள். ஏழாம் வாய்ப்பாட்டில் எப்போதும் தப்பு விடுவாள். உதைத்தேன்.

ஜூன் 2

வாய்ப்பாட்டுக்காரியைச் சண்டையில் முன்வரிசைக்கு அனுப்பினார்கள். அவள் போர்வையை இப்போது வேறொருத்தி போர்த்திக்கொள்கிறாள். அந்தத் தப்பை நான் ஒருநாளும் திருத்தவில்லை.

ஆகஸ்ட் 21

பல்குத்தி கூப்பிட்டனுப்பினான். "பொய்க் கல்யாணம் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும்ல? என்கூட சோதனைக்கு வந்துடு. முன்வரிசைக்குப் போக வேணாம்."

யோசித்துச் சொன்னேன் என்று எழுதினால் அது புளுகு. உடனே சரி என்றேன்.

செப்டம்பர் 9

இன்று ஒரு மெக்கானிக் வீட்டுக் கதவை நான்தான் தட்டினேன். திறந்தவளுக்கு என் வயதுகூட இருக்காது. அவளை நான் கேட்டேன், அந்தப் பையனைப் பல்குத்தி கேட்டான். ஊர் விவரமாகிவிட்டது, இப்போதெல்லாம் யாரும் ஒப்பிப்பதில்லை. சேர்த்து நிறுத்தியதும் இருவரும் நன்றாகவே சண்டை போட்டார்கள். "நான் எப்ப வெங்காயம் வேணாம்னேன்?" என்று அவன் கத்தினான். "உங்க அம்மாகிட்டயே கேளு!" என்று இவள். பல்குத்தி சிரித்துக்கொண்டே வண்டிக்குப் போய்விட்டான்.

நானும் பேசாமல் போயிருக்கலாம். அவள் மோதிர விரலை மடக்கியே வைத்திருந்தாள்.

"மோதிரத்தக் கழட்டு" என்றேன்.

உள்பக்கம் வெள்ளை நூல். என்னுடையதைவிட நேர்த்தியாகச் சுற்றியிருந்தது. பல்குத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் அம்மா என் சட்டையைப் பிடித்தாள். "உனக்கும் ஒரு அம்மா இருப்பால்ல?"

இருக்கிறாள், பேக்கரியில். நான் போனேன்ல? இவ மட்டும் ஏன் போகக் கூடாது? ஏன்?

வண்டியின் படி அவளுக்கு எட்டவில்லை. கை கொடுத்து ஏற்றிவிட்டேன்.