கழித்துப் பார்த்த எடை

என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி விட்டதா? அம்மா மாத்திரையைச் சண்டை பிடிக்காமல் போடுகிறார்களா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. விற்கப்போகிற ஆட்டுக்குட்டிகளுக்குச் சதை பிடிக்க வைப்பதுதான் என் வேலை. முதலில் காய்ந்த புல்லைப் போட்டு வயிற்றைக் கொஞ்சம் நிரப்பிவிட்டு, பிறகுதான் சோளமும் புண்ணாக்கும் தாது உப்பும் கலந்து வைப்பேன். குட்டி தராசில் தனியாக நிற்காது. அதைத் தூக்கிக்கொண்டு நான் ஏறி நிற்பேன். வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்த என் எடையை அதில் கழித்துவிடுவார்கள்.

இந்தத் தடவை ஒரு குட்டிகூட எடை கூடவில்லை என்று கணக்கு வந்தது. சூப்பர்வைசர் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்.

"தீவனம் வைக்கிறியா இல்லையா? தின்னதெல்லாம் எங்கடா போச்சு?"

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "தூக்குறவனுக்குத் தெரியாதா சார்? ரெண்டு கையும் கழண்டு போகுது."

அவர் சற்று யோசித்து, என்னை மட்டும் ஏறச் சொன்னார். முள்ளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"குட்டிங்க நல்லாத்தான் ஏறியிருக்கு. நீதான்டா இறங்கிட்டே!"

பயப்படாதே, நோய்நொடி ஒன்றுமில்லை. வேலை முடிந்து வந்தால் அடுப்பு மூட்டவே அலுப்பாக இருக்கிறது. சமைத்தாலும், எதிரே ஆள் இல்லாமல் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அம்மாவிடம் சொல்லிவிடாதே.

கல்யாணத்துக்கு முன்னால் போட்ட என் பேண்ட் பெட்டியில் கிடக்கும். "இனிமே இது உங்களுக்குப் பத்தாது" என்று சிரிப்பாயே, அதுதான். தரை துடைக்கக் கிழித்துவிடாமல் யாரிடமாவது கொடுத்தனுப்பு.

குட்டிகள் கத்துகின்றன. அவை சாப்பிடட்டும், போய் வைத்துவிட்டு வருகிறேன்.

உன் வீட்டுக்காரன்