சித்தப்பாவின் அலை

மார்ச் 4, செவ்வாய்

கடையில் கூட்டமில்லை. கண் பரிசோதனைக்கு வந்த ஒருவர் எழுத்துப் பலகையை முன்பே மனப்பாடம் செய்துவந்து ஒப்பித்தார். நான் பலகையை மாற்றியதும் விழித்தார்.

மதியம் கீபோர்டுக்காரர் ஃபோன் செய்தார். "சித்தப்பா இடம் காலியாவே இருக்கும்மா. நீ வந்து உட்காரேன்." ஓட்டல் சாப்பாட்டுக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் மூன்று பேர் வாசிப்பார்கள். கீபோர்டு, டிரம்ஸ், சித்தப்பாவின் ஸ்டீல் கிதார். அவர் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது.

யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? ஆசைதான். பயமும்தான்.

மார்ச் 5, புதன்

சித்தியிடம் கிதாரைக் கேட்டேன். "எடுத்துட்டுப் போ. இங்க இடத்த அடைச்சுக்கிட்டுக் கிடக்கு" என்றாள். பிறகு பெட்டியைத் துடைத்துத் துடைத்து, வாசல்வரை அவளே தூக்கி வந்தாள்.

மார்ச் 6, வியாழன்

விவாகரத்து முடிந்து நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், சித்தப்பா ஒன்றும் கேட்காமல் கிதாரை என் மடியில் படுக்க வைத்தார். "அழறதுன்னா அழு. கைய மட்டும் சும்மா வெச்சுக்காத."

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. வலது கை விரல்களால் மீட்ட வேண்டும், இடது கையால் ஒரு எஃகுத் துண்டைக் கம்பிகள்மேல் நகர்த்த வேண்டும். அவர் கையில் அந்தத் துண்டு ஓயாமல் ஆடும். "சுரம் நேரா நின்னா அது விளக்குக் கம்பம். அலை வரணும், அலை" என்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து அந்த அலையை அப்படியே பிடித்தேன். அவரிடமிருந்து எனக்கு வந்த சொத்து அது ஒன்றுதான்.

மார்ச் 8, சனி

ஒத்திகை. பாதியில் கீபோர்டுக்காரர் நிறுத்தினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏன் இப்படி ஆடுது?"

"சித்தப்பா பாணி."

டிரம்மர் ஏற்கெனவே இறுகியிருந்த திருகை இன்னும் திருக ஆரம்பித்தார். கீபோர்டுக்காரர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "அது பாணி இல்லம்மா. கை நடுக்கம். முன்னாடியெல்லாம் அவர் ஒரு சுரத்தப் பிடிச்சார்னா நகராது. முடியறப்ப லேசா ஒரு ஆட்டு, அவ்வளவுதான். அவரும் சொல்லல, நாங்களும் கேட்டுக்கல."

அரை டம்ளர் டீ போதும், அரை டம்ளர் போதும் என்று அவர் தினமும் சொன்னது, சிந்தாமல் குடிக்கத்தானா? நான் ஊரார் பார்வையைச் சோதிக்கிறவள்!

மார்ச் 9, ஞாயிறு

நடுக்கம் உண்மைதான் என்று சித்தி ஒப்புக்கொண்டாள். "சட்டைப் பட்டன் நான்தான் போட்டுவிடுவேன். உன்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னுட்டார். எல்லாரும் பாத்தா வியாதியாம். நீ பாக்கறப்ப மட்டும் வாசிப்பாம்."

மார்ச் 10, திங்கள்

ஈயடிச்சான் காப்பி — நான்தான் அது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அஞ்சு வருஷமா உட்கார்ந்து ஒரு வியாதியப் பழகியிருக்கேனே! என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்களே சித்தப்பா. போய்ச் சேர்ந்தவர்மேல் கோபம் வந்தா எங்க கொண்டுபோய்க் கொட்டறது?

கடையில் ஒருவருடைய இடது கண் பவரை வலதுக்கு எழுதிவிட்டேன். நல்லவேளை, கண்ணாடி வெட்டுவதற்குள் கவனித்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

பெட்டியைத் திறக்கவில்லை.

மார்ச் 15, சனி

ஓட்டலுக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்றேன். கீபோர்டுக்காரர் நம்பியதுபோலப் பேசினார்.

மார்ச் 18, செவ்வாய்

அலையோடு வாசித்தால், அவர் மறைத்ததை நான் சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவில் விரித்து வைக்கிறேன். அலையை விட்டால் அவரையே விடுகிறேன். இரண்டில் எது துரோகம்?

நேராக நிறுத்திப் பார்த்தேன். கை கேட்கவில்லை. உள்ளங்கைக்குள் பூனைக்குட்டி புரளுகிற மாதிரி இருந்தது.

மார்ச் 22, சனி

ஓட்டலில் ஒருமாதிரி சமாளித்துக்கொள்கிறார்களாம். அடுத்த வாரம் முடிவாகச் சொல் என்றார் கீபோர்டுக்காரர். வேறு ஆள் பார்க்க வேண்டுமாம். அவர் கேட்பதில் தவறில்லை.

மார்ச் 24, திங்கள்

காலையில் ஒரு சுரம் நின்றது. ஆடாமல், அசையாமல். அதில் சித்தப்பா இல்லை. அவர் போன அன்று வராத அழுகை வந்தது. மடியில் கிதாரை வைத்துக்கொண்டே அழுதேன். முகம் கழுவிக்கொண்டு கடைக்குப் போனேன்.

மார்ச் 29, சனி

வாசித்தேன். அவருடைய வழக்கமான முதல் பாட்டுதான், ஆனால் நேராக. இரண்டு இடத்தில் துண்டு வழுக்கியது. டிரம்மர் சிரித்துக்கொண்டே ஒரு உருட்டு உருட்டி அதை மறைத்துவிட்டார். அடுத்த வாரமும் வருகிறேன் என்று கீபோர்டுக்காரரிடம் சொன்னேன்.

சித்தி மூலை மேசையில் இருந்தாள். அவளை வீட்டில் விடப் போனேன். மாடிப்படியில் மூச்சு வாங்க நின்றபோது சொன்னாள்.

"அவர் வாசிக்கற மாதிரியே வரும்னு பயந்து தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்தேன். யாரோ வாசிக்கற மாதிரி இருந்துச்சு. யார்றான்னு நிமிந்து பாத்தேன். நீ."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஆறறதுக்குள்ள சூப்பக் குடிச்சேன்."