பைக்கில் விழாத என் மாமாவுக்கு

என்னைக் கோபித்துக்கொள்ளவே தெரியாத மாமாவுக்கு,

நலமா என்று உங்களைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இங்குள்ள சேதியை மட்டும் சொல்கிறேன். அக்கா நன்றாக இருக்கிறாள் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். உங்கள் மகள் கயல் பெரம்பலூரில் நர்சிங் படிக்கிறாள். தினமும் அரியலூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறாள். வண்டியைத் தொடவே கூடாது என்று அக்கா அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "உங்கப்பா வண்டியாலதான்டி போனாரு" என்று அவள் சொல்லும்போதெல்லாம் நானும் அங்கேதான் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதை எல்லோரும் படிக்கிற மாதிரிதான் எழுதுகிறேன். பொய்யை நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டு, உண்மையை உங்கள் காதில் மட்டும் சொல்வது என்ன நியாயம்?

நடந்தது உங்களுக்குத் தெரியும், படிப்பவர்களுக்குத் தெரியாது. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு ஜல்லி கிரஷர். அங்கே நான் மேஸ்திரி. மழை இல்லாமல் இரண்டு வருடம் வெள்ளாமை போய் நீங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, காண்ட்ராக்டரிடம் சொல்லி உங்களைச் சேர்த்துவிட்டவன் நான். "கஷ்டமான வேல இல்ல மாமா. பெல்ட்டுக்குக் கீழ சிந்துறத வாரிப் போடணும், அவ்ளோதான்" என்றேன். மச்சினன் மேஸ்திரியாக இருக்கிற இடத்தில் நமக்கு என்ன வந்துவிடும் என்று நீங்களும் நம்பி வந்தீர்கள்.

கல்லைச் சுமந்து ஓடும் அந்த பெல்ட்டின் ஓரமாக ஒரு கயிறு போகும். யாராவது மாட்டிக்கொண்டால் அதை இழுக்க வேண்டும், பெல்ட் நின்றுவிடும். ஆனால் பலமாகக் காற்றடித்தாலும், மேலிருந்து ஒரு கல் உருண்டு விழுந்தாலும் அது தானாக இழுபட்டு பெல்ட்டை நிறுத்திவிடும். நின்ற ஒவ்வொரு தடவையும் மேனேஜர் என்னைத்தான் ஏசுவார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், கயிறு போய்ச் சேரும் சுவிட்சை, இழுத்தாலும் அசையாதபடி கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டேன். அவர் கட்டச் சொல்லவில்லை. கட்டியதைப் பார்த்து, "இப்பதான்யா உனக்கு வேல தெரியுது" என்றார். அன்றைக்கு அது எனக்குப் பெருமையாக இருந்தது, மாமா.

பெல்ட்டுக்கு அடியில் உருளும் ரோலர் உங்கள் சட்டைக் கையை இழுத்தபோது நீங்கள் இன்னொரு கையால் கயிற்றை இழுத்தீர்கள். மூன்று தடவை இழுத்தீர்கள் என்று பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த பூங்கொடி சொன்னாள். நான் ஓடிப்போய் மெயினை அணைப்பதற்குள் தோள் வரைக்கும் போய்விட்டது.

ஜீப்பில் உங்களைக் கிடத்திக்கொண்டு கிளம்பும் முன்பே மேனேஜர் என்னிடம் சொல்லிவிட்டார். "பைக்குல விழுந்துட்டாருன்னு சொல்லு. மத்தத நாங்க பாத்துக்குறோம்." இது எங்கள் பக்கம் புதிதில்லை. கிரஷரில் கை போனாலும் பைக், கால் போனாலும் பைக். ஆஸ்பத்திரி நோட்டை எடுத்துப் பார்த்தால், எங்கள் ஊர் ஆட்களைப் போல வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் உலகத்திலேயே இருக்கமாட்டார்கள். பொய்க்கு ஒரு சாட்சி வேண்டுமே என்று, கிரஷர் வாசலில் நின்ற உங்கள் வண்டியின் ஹெட்லைட்டை நானே கல்லால் உடைத்தேன். நீங்கள் ஜீப்பில் முனகிக்கொண்டிருந்தீர்கள்.

டாக்டருக்கு நான் சொன்னதில் நம்பிக்கை இல்லை. உங்கள் உடம்பெல்லாம் கல் தூசி. "பைக்குல விழுந்தா கை இப்படி ஆகாதே" என்று உங்களையே கேட்டார். நீங்கள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள். "பைக்குதாங்க சார். மாடு குறுக்க வந்துருச்சு" என்றீர்கள்.

மாட்டை நான் சொல்லிக்கொடுக்கவில்லையே, மாமா. அந்த வலியிலும் என் வேலை போய்விடும் என்று யோசித்தீர்களா? இல்லை, நான் போலீசில் மாட்டிக்கொள்வேன் என்று பயந்தீர்களா? மூன்றாம் நாள் திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில் உங்கள் மூச்சு நின்றது. போலீஸ் காகிதத்திலும் அந்த மாடு ஏறிவிட்டது.

மற்றதைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னவர் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு என் போனை எடுக்கவில்லை. நேரில் போய் நின்றேன். "ரோட்டுல விழுந்ததுக்கு கிரஷர் என்னப்பா பண்ணும்?" என்று கேட்டார். நான் கொடுத்த பதிலையே எனக்குத் திருப்பிக் கொடுத்தார். வாயை மூடிக்கொண்டு மறுநாளும் அதே வேலைக்குப் போனேன்.

ஊர் சும்மா இருக்குமா? பட்டப்பகலில் எதிரே வரும் மாடு கண்ணுக்குத் தெரியாதா, குடித்திருப்பார் என்று டீக்கடையில் ஒருத்தர் ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் அதுவே ஊர்ப்பேச்சு ஆனது. கல்யாண வீட்டில்கூட ஒரு சொட்டுத் தொடாதவர் நீங்கள். என் காதுபடவே பேசினார்கள். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

போன மாதம் அதே பெல்ட்டில் பூங்கொடிக்கு இரண்டு விரல் போய்விட்டது. இந்தத் தடவை மேனேஜர் சொல்ல வேண்டியிருக்கவில்லை, பைக் கதையை நானே எடுத்தேன். "எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்க மேஸ்திரி" என்றாள். பின்னால் உட்கார்ந்து வந்ததாகச் சொல் என்றேன். "யாரு பின்னால? உங்க பின்னாலயா? எம் புருசனுக்கு யாரு பதில் சொல்றது?" என்று அந்த வலியிலும் கேட்டாள். டாக்டரிடம், "கிரஷர் பெல்ட்டுல மாட்டுச்சுங்க, எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் மாமா, அவ்வளவு சுலபமாக இருந்தது.

கோர்ட்டில் இருக்கும் இலவச சட்ட உதவிக்கு அவள் கிளம்பியபோது என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டாள். "உங்க மாமாவுக்குத்தான் நிக்கல. எனக்காவது வந்து நில்லுங்க" என்றாள். போனேன்.

அங்கிருந்த வக்கீல் அம்மா அவளுக்குப் பொறுமையாகச் சொன்னார். "தப்பு யாருதுன்னு இதுல பெரிய கேள்வி இல்லம்மா. வேலையில அடிபட்டுச்சா, அதான் கேள்வி. நீ காண்ட்ராக்ட் ஆளா இருந்தாலும் கிரஷர் முதலாளி தப்பிக்க முடியாது." நான் வேறு யாருக்கோ கேட்பதுபோல, ஆள் இறந்துபோயிருந்தால் என்ன என்று கேட்டேன். "குடும்பம் மனு போடலாங்க. ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். ஆனா வேலையிலதான் நடந்துச்சுன்னு பாத்தவங்க யாராவது வந்து சொல்லணும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முன்னாடி மாத்திச் சொன்னவரா இருந்தா அவரு மேலயும் கேஸ் வரலாம். அதையும் தெரிஞ்சுக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

வெளியே வந்து விரல் விட்டு எண்ணினேன். உங்களுக்கு இரண்டு வருடம் ஆக இன்னும் ஏழு வாரம்தான் இருந்தது. அந்த ஏழில் மூன்றை யோசித்தே கழித்தேன். எனக்கும் பிள்ளை குட்டி இருக்கிறதே என்று ஒரு நாள், அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒரு நாள். அப்படித்தான் போனது.

நேற்று சொல்லிவிட்டேன். அக்கா வாசலில் சோளம் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கம்பி, கயிறு, ஹெட்லைட், நீங்கள் சொன்ன மாடு, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப அவரு குடிக்கலையா?"

"இல்லக்கா."

"ஊரே சொல்லிச்சு. நானும் நம்பிட்டேன்டா" என்றாள். பிறகு உள்ளே போய், உங்கள் போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். அங்கே அவள் என்ன சொன்னாளோ, அது உங்களுக்கும் அவளுக்கும்.

இருட்டும் முன் வெளியே வந்தாள். திங்கட்கிழமை வக்கீலிடம் போய் மனு போடலாம், தொழிலாளர் ஆணையர் முன்னால் நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"அது திங்கக்கெழம" என்றாள். "மொதல்ல டீக்கடையில சொல்லு. நானும் வரேன். நீ சொல்றத நான் அங்க நின்னு கேக்கணும்."

அக்கா இதுவரை அந்தக் கடையில் போய் நின்றதில்லை. நாளைக் காலை ஏழு மணிக்கு, ஆள் நிறைந்திருக்கும்போது, அவளை அழைத்துக்கொண்டு போகிறேன். சுவிட்சைக் கட்டியது யார், பொய் சொன்னது யார் என்று என் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். அதன் பிறகு வேலை போகட்டும், கேஸ் வரட்டும். இது உங்கள் மேல் ஆணை, மாமா.

உங்கள் மச்சினன்,
செல்வராசு