கூடைக்குள் கிடந்த பந்து

உங்கள் ஒன்பதாம் நம்பர் சட்டையை இன்றைக்குப் பெட்டியிலிருந்து எடுத்தேன் மாமா. பூச்சி உருண்டை வாசத்தையும் மீறி அந்த கிரவுண்டு மண் வாசம். நான் அடித்துத் துவைத்ததில் நம்பர் பாதி போய்விட்டது, மண் வாசம் மட்டும் போகவில்லை. உங்கள் மேல் எனக்கில்லாத உரிமை அதற்கு.

கிளப்காரர்கள் கேட்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லீக்கின் கடைசி மேட்ச். சட்டையை கோல் கம்பத்தில் கட்டப் போகிறார்களாம். செத்த பிறகும் உங்களைத் தேடி இந்த லயத்து வீட்டு வாசலுக்கு வருகிறார்கள் பாருங்கள். உங்களை எடுத்த அன்றைக்கும் அப்படித்தான். கிளப் கொடியைப் போர்த்திவிட்டு உங்களைச் சுற்றி அத்தனை பேரும் நின்று அழுததில், பொண்டாட்டிக்கு அழ இடமில்லை. ஓரமாக நின்று அவர்களுக்கெல்லாம் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன்.

சக்களத்தி ஒரு பொம்பளையாக இருந்தால் முடியைப் பிடித்து இழுத்திருக்கலாம். பந்துக்கு முடி ஏது?

கல்யாணம் கட்டி ஆறாவது வருசம் அது. "இந்தத் தடவ கப்ப அடிச்சதும் பூட்ஸ கழட்டிடுறேன் புள்ள. அப்புறம் ஞாயித்துக்கெழம பூரா ஒனக்குத்தான்" என்றீர்கள். அதனால் உங்கள் டீம் ஜெயிக்க வேண்டுமென்று தோட்டத்திலேயே அதிகமாகச் சாமி கும்பிட்டவள் நான்தான்.

கடைசி மேட்ச் அன்று காலையில் ரொட்டியைப் பிய்த்து வைத்து எனக்குக் கணக்குச் சொன்னீர்கள். உங்களுக்கும் நோட்டன் பக்கத்து டீமுக்கும் ஒரே புள்ளி வரும், ஆனால் கோல் வித்தியாசம் என்று ஒன்று இருக்கிறது என்று ஆரம்பித்தீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். எனக்காக ஒரு நாளாவது அப்படி இருந்ததா? ஜெயித்தால் கப், பேசாமல் சாப்பிட்டுப் போங்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தேயிலைக் கொழுந்து நிறைய வந்த காலம், ஞாயிறும் எங்களுக்கு வேலை. கிரவுண்டுக்குக் கீழே உள்ள செடி நிரைதான் நான் கொழுந்து பறிக்கிற நிரை. ஒரு கோல் நீங்கள் அடித்தீர்கள். பிறகு மூடுபனி இறங்கத் தொடங்கியது. அப்போதுதான் நீங்கள் உதைத்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்து என் காலடியில் வந்து விழுந்தது. உங்களிடம் இருந்ததே அந்த ஒரு பந்து.

எனக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான்: ஜெயித்துக்கொண்டிருக்கிறோம், நேரம் போனால் போதும். பந்தைக் கூடையில் போட்டு மேலே கொழுந்தைப் பரப்பி முதுகில் மாட்டிக்கொண்டேன். நீங்களே ஓடி வந்தீர்கள்.

"பந்த பாத்தியா புள்ள?"

"அந்தக் கோடி நிரையில பாருங்க மாமா."

செடிக்கு அடியில் தவழ்ந்து தேடினீர்கள். நான் ஒருவழியாகப் பந்தைக் 'கண்டுபிடித்து' மேலே எறிந்தபோது பனியில் கோல் கம்பமே தெரியவில்லை. ரெஃப்ரி மேட்ச் முடிந்ததென்று விசிலை ஊதிவிட்டார். நான் கைதட்டினேன். நான் ஒருத்திதான் தட்டினேன். ஜெயித்தவர்கள் எல்லாரும் இழவு வீட்டில் போல உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் வந்து மெதுவாகச் சொன்னீர்கள்.

"ரெண்டு கோல் வித்தியாசம் வேணும்னு காலையில சொல்ல வந்தேனே புள்ள."

அதற்குப் பிறகும் நாலு வருசம் விளையாடினீர்கள். கப்பும் வரவில்லை, என் ஞாயிறும் வரவில்லை. அத்தனை ஞாயிறையும் என் கையாலேயே அந்தச் சக்களத்திக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் கடைசியாக ஒரு நாள், அந்தப் பந்து அவ்வளவு நேரம் எங்கே கிடந்திருக்கும் என்று கேட்டீர்கள். கொழுந்துக்குள்ளே கிடந்திருக்கும் என்றேன். பொய் சொல்லவில்லை. நீங்கள் என் நெற்றியில் கூடைக் கயிறு போட்ட தழும்பைப் பார்த்துச் சிரித்தீர்களா, சும்மா சிரித்தீர்களா என்றுதான் இன்னும் தெரியவில்லை.

இந்த வருசமும் புள்ளி சமமாம். மூன்று கோல் வித்தியாசம் வேண்டும்; கிளப்காரர்களை நிற்கவைத்து இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். சட்டையைக் கொடுப்பேன். மேட்ச் முடிந்ததும் நானே அவிழ்த்துக் கொண்டுவந்துவிடுவேன், ஒரு ராத்திரிகூட அவர்களிடம் விடமாட்டேன். அதுவரைக்கும் அதே நிரையில் நிற்பேன் மாமா. கூடையை வீட்டிலேயே வைத்துவிட்டு.