வேலிக்கம்பியும் கம்பளிக் காலுறையும்

பெருமதிப்பிற்குரிய அம்மாவுக்கு, போர்முனைத் தொலைபேசிப் பிரிவிலிருந்து மகள் ஷோல்பான் வணங்கி எழுதுவது. தாங்களும் நம் மந்தையும் குளிர்காலத்தை நலமுடன் கடந்தீர்களா? நான் நலம்; குண்டுகள் யாவும் தொலைவிலேயே விழுகின்றன.

என் பொறுமையைச் சோதிப்பவர் எங்கள் லெப்டினன்ட் கோரின் மட்டுமே. செவ்வாயன்று மழையில் தொலைபேசிக் கம்பி அறுந்துவிட்டது. நம் வீரர்கள் பள்ளத்தாக்கினுள் முன்னேறியதை அறியாத நம் பீரங்கிகள், அங்கேயே சுடவிருந்தன. மாற்றுக் கம்பி கையிருப்பில் இல்லை. ஆகவே நானும் சக சிப்பாய் தொலெகெனும் கூட்டுப் பண்ணையின் முள்வேலிக் கம்பியையே இணைத்தோம். ஈரக் கம்பங்களில் மின்சாரம் கசியாதிருக்க, தாங்கள் செய்து தந்த கம்பளிக் காலுறைகளை வெட்டி, ஆட்டுக்கொழுப்பில் தோய்த்து, கம்பிக்கு அடியில் வைத்தேன். தொடர்பு கிடைத்தது; செய்தியைச் சொன்னேன்; பீரங்கிகள் சுடவில்லை.

"அக்கா, உங்கம்மா காலுறை பீரங்கியையே அதட்டிடுச்சு!" என்றான் தொலெகென்.

உடனே அதே கம்பி வழியே லெப்டினன்ட் சீறினார்: "யாரக் கேட்டு வேலியில கைய வச்ச?"

"கேக்கத்தான் லைன் இல்லையே, தோழர் லெப்டினன்ட்!"

"வாய மூடு!"

அனுமதியின்றி வேலியைப் பயன்படுத்தியமைக்காக எனக்குக் கண்டனம் வழங்கப்பட்டது. அவ்வேலிக் கம்பியை எவரும் அகற்றக் கூடாதென்ற உத்தரவும் அவருடையதே! இவரிடம் என்னவென்று பேசுவது?

தயைகூர்ந்து உலர்தயிர் உருண்டைகளும் இரண்டு ஜோடிக் காலுறைகளும் அனுப்புங்கள். ஒரு ஜோடியை மட்டும் தாங்களே சில நாட்கள் அணிந்துவிட்டு அனுப்புங்கள். எப்பேர்ப்பட்ட கம்பி அறுந்தாலும் அந்த ஜோடியை வெட்டமாட்டேன்.

தொலைபேசி மணி அடிக்கிறது. அவராகத்தான் இருக்கும்.

தங்கள் மகள்,
ஷோல்பான்